தீபாவளிக்கு முன் ஓடிய நோட்புக்கில் இப்போது ஜிபியுவைக் காணவில்லை: 'டிரைவர்/லைப்ரரி வெர்ஷன் மிஸ்மேட்ச்'

கடலோரன் | 2023 நவம்பர் 14, இரவு 9.40

வணக்கம். மாதக் கட்டணம் கட்டி ஒரு கிளவுட் நோட்புக் சேவையைப் பயன்படுத்துகிறேன். சேவையின் பெயர் வேண்டாம், யாரோடும் சண்டைக்குப் போகவில்லை. அதிலுள்ள ஜிபியு (கணக்கை வேகமாகப் போடும் கிராபிக்ஸ் சிப்) என்விடியாவின் டி4 கார்டு, 16 ஜிபி. தமிழ்ப் பேச்சை எழுத்தாக்கும் ஒரு மாடலை நான் சேகரித்த ஒலிப்பதிவுகளை வைத்து ட்ரெயின் செய்துகொண்டிருக்கிறேன்.

போன வெள்ளிக்கிழமைவரை ஒழுங்காக ஓடியது. தீபாவளிக்கு ஊருக்குப் போய்விட்டு இன்று மாலை திறந்தேன். ரெக்வயர்மென்ட்ஸ் கோப்பில் (வேண்டிய பேக்கேஜ்களின் பட்டியல்) உள்ளதை பிப் என்ற பைதான் நிறுவி வழியாக நிறுவிவிட்டு ட்ரெயினிங் செல்லை ஓட்டினால் ஆமை வேகம். பார்த்தால் சிபியுவில் ஓடுகிறது. மாடலை ஓட்டும் டார்ச்சிடம் (பைடார்ச் லைப்ரரி) குடா, அதாவது என்விடியா ஜிபியுவில் கணக்குப் போட வைக்கும் மென்பொருள், இருக்கிறதா என்று கேட்டால் 'ஃபால்ஸ்'. கூடவே ஒரு எச்சரிக்கை: இந்தக் கணினியிலுள்ள என்விடியா டிரைவர் மிகவும் பழையது, கண்ட வெர்ஷன் 11040.

பழையது என்றால் புதியதைப் போட வேண்டியதுதானே? ஒரு செல்லில் ஆச்சரியக்குறி போட்டு (லினக்ஸ் கட்டளையை ஓட்டும் வழி), ஏபிடி என்ற லினக்ஸ் நிறுவி வழியாக 535 டிரைவரை நிறுவினேன். நடுவில் சிவப்பாக ஏதோ ஓடியது, ஆனாலும் பெரும்பகுதி நிறுவப்பட்ட மாதிரிதான் தெரிந்தது. இப்போது கார்டின் நிலையைக் காட்டும் என்விடியா-எஸ்எம்ஐ கட்டளையை ஓட்டினால் அட்டவணையே வருவதில்லை. 'ஃபெயில்ட் டு இனிஷியலைஸ் என்விஎம்எல்: டிரைவர்/லைப்ரரி வெர்ஷன் மிஸ்மேட்ச்' என்று மட்டும் சொல்கிறது.

கெர்னலை மூன்று முறை ரீஸ்டார்ட் செய்துவிட்டேன். வெள்ளிக்கிழமை கைடிடம் முடிவுகளைக் காட்ட வேண்டும். யாராவது உதவுங்கள்.

அரைவேக்காடு | இரவு 9.58

ப்ரோ, எனக்கும் இதே எச்சரிக்கை வந்தது. குடா டூல்கிட் 12 (குடா நிரல்களைக் கட்டும் கருவிகள்) நிறுவுங்கள், சரியாகிவிடும். டிரைவர் போட்டீர்கள், டூல்கிட் போடவில்லை, அதனால்தான் மிஸ்மேட்ச். மொத்தம் 3 ஜிபி போல இறங்கும், பொறுமையாக இருங்கள்.

பழையசர்வர் | இரவு 10.15

தம்பி கடலோரன், இனிமேல் எதையும் நிறுவ வேண்டாம். டூல்கிட்டும் வேண்டாம். கையை எடுத்துவிட்டு இதைப் படியுங்கள்.

முதலில், மூன்று முறை ரீஸ்டார்ட் செய்தது எந்தக் கெர்னலை? நோட்புக் மெனுவில் இருக்கும் 'ரீஸ்டார்ட் கெர்னல்' பைதான் புராசெஸை மட்டும் கொன்றுவிட்டுத் திரும்ப எழுப்பும். டிரைவர் உட்கார்ந்திருப்பது லினக்ஸ் கெர்னலில். இரண்டுக்கும் ஒரே பெயர் வைத்தவர்களைத்தான் திட்ட வேண்டும். இந்தக் குழப்பத்தில் இரவு முழுக்க அந்தப் பொத்தானை அழுத்திக்கொண்டிருந்தவர்களை எனக்குத் தெரியும்.

டிரைவர் என்று நாம் ஒரே சொல்லில் சொன்னாலும் அது இரண்டு துண்டு. ஒரு துண்டு கெர்னல் மாட்யூல், கார்டோடு நேராகப் பேசுவது. இன்னொரு துண்டு லிப்குடா, லிப்என்விடியா-எம்எல் மாதிரியான லைப்ரரி கோப்புகள். பைடார்ச்சும் என்விடியா-எஸ்எம்ஐயும் பேசுவது இந்த இரண்டாவது துண்டோடு. இரண்டு துண்டும் கடைசிப் புள்ளிக்குப் பின்னால் வரும் எண்வரை ஒன்றாக இருக்க வேண்டும். இல்லாவிட்டால் நீங்கள் பார்த்த அதே வரிதான் வரும்.

உங்கள் நோட்புக் ஒரு கன்டெய்னருக்குள், அதாவது மெஷினுக்குள்ளேயே தடுத்துவைத்த ஒரு தனி அறைக்குள், ஓடுகிறது. கன்டெய்னருக்கென்று தனிக் கெர்னல் கிடையாது, வெளியே இருக்கும் மெஷினின் கெர்னல்தான். அங்கே எந்த மாட்யூல் ஏறியிருக்கிறதோ, அதே வெர்ஷன் லைப்ரரிகளை என்விடியா கன்டெய்னர் டூல்கிட் கொண்டுவந்து உங்கள் கன்டெய்னருக்குள் மவுண்ட் செய்துவைக்கும், அதாவது வெளிக் கோப்பை உள்ளே தெரியும்படி இணைத்துவைக்கும். நீங்கள் ஏபிடி போட்டபோது மாடித் தொட்டி வீட்டுக்காரருடையதாகவே இருக்க, உள்ளே குழாயை மட்டும் வேறு அளவுக்கு மாற்றியிருக்கிறீர்கள்.

மூன்று விஷயங்களை ஒட்டுங்கள், பார்க்கலாம்: /ப்ராக்/டிரைவர்/என்விடியா/வெர்ஷன் என்ற கோப்பில் என்ன இருக்கிறது, லைப்ரரி ஃபோல்டரில் லிப்குடா என்று தொடங்கும் கோப்புகள் எவை, டார்ச் வெர்ஷன் கூட்டல் குறிக்குப் பின்னால் வருவதோடு சேர்த்து என்ன. முடிந்தால் அந்தச் சிவப்பு வரியும்.

கடலோரன் | இரவு 10.50

நன்றி அண்ணா. நான் அழுத்தியது பைதான் கெர்னலைத்தான். வெட்கமாக இருக்கிறது.

வெர்ஷன் கோப்பில் 470.82.01 என்று இருக்கிறது. லைப்ரரி ஃபோல்டரில் லிப்குடா இரண்டு இருக்கின்றன, ஒன்று 470.82.01 என்று முடிகிறது, இன்னொன்று 535.129.03. '.1' என்று முடியும் குறுக்குவழிக் கோப்பு 535ஐக் காட்டுகிறது. டார்ச் 2.1.0, கூட்டலுக்குப் பின் சியு121.

சிவப்பு வரி: என்விடியா-எஸ்எம்ஐ கோப்புக்கு 'பேக்கப் லிங்க்' எடுக்க முடியவில்லை, 'இன்வேலிட் கிராஸ்-டிவைஸ் லிங்க்' என்று டிபிகேஜி (ஏபிடிக்காகக் கோப்புகளைப் போடும் நிரல்) புலம்பியிருக்கிறது.

பழையசர்வர் | இரவு 11.05

அந்தச் சிவப்பு வரியிலேயே கதை முழுக்க இருக்கிறது. என்விடியா-எஸ்எம்ஐ கோப்பு வெளியிலிருந்து மவுண்ட் செய்யப்பட்டது, உங்கள் டிஸ்க்கில் இல்லை. அதனால் டிபிகேஜியால் அதை மாற்ற முடியவில்லை. ஆனால் அதற்கு முன்பே லைப்ரரி பேக்கேஜ் உள்ளே வந்து 535 கோப்புகளைப் போட்டுவிட்டது. பிறகு லைப்ரரிக் குறுக்குவழிகளை அமைக்கும் எல்டிகான்ஃபிக் ஓடியபோது, இருப்பதில் பெரிய எண் எதுவோ அதற்குக் குறுக்குவழியைத் திருப்பிவிட்டது. அது குற்றமில்லை, அதன் வேலையே அதுதான்.

குறுக்குவழியைக் கையால் 470க்குத் திருப்பலாம், வேலை செய்யும். ஆனால் இன்னும் என்னென்ன 535 கோப்பு எங்கெங்கே கிடக்கிறதோ. செஷனை மொத்தமாக அழித்துவிட்டுப் புதிதாகத் தொடங்குங்கள். 'டிஸ்கனெக்ட்' மட்டும் போதாது, மெஷினை விட்டுவிடும் பொத்தான் வேறாக இருக்கும். அதற்கு முன் செக்பாயின்ட் கோப்புகள் (ட்ரெயினிங் நடுவில் சேமித்தவை) நிலையான ஸ்டோரேஜில் இருக்கின்றனவா என்று ஒரு முறை பாருங்கள். இல்லை, இரண்டு முறை பாருங்கள்.

மஞ்சள்குருவி | இரவு 11.20

பழையசர்வர் சொன்னதோடு சேர்த்து: அது இரண்டாவதாக வந்த நோய். முதல் நோய் இன்னும் அப்படியே இருக்கிறது, செஷனை அழித்தாலும் அது போகாது.

எச்சரிக்கையில் வந்த 11040, டிரைவரின் வெர்ஷன் எண் அல்ல. அந்த டிரைவரால் அதிகபட்சம் எந்தக் குடாவை ஓட்ட முடியும் என்பதை அது சொல்கிறது. 11040ஐ 11.4 என்று படிக்க வேண்டும். 12020 என்று வந்தால் 12.2. 470 வரிசை டிரைவருக்கு 11.4தான் எல்லை. உங்கள் டார்ச் குடா 12.1க்குக் கட்டப்பட்டது, சியு121 என்றால் அதுதான். அதான் சண்டை.

வெள்ளிக்கிழமை ஏன் ஓடியது? என் ஊகம்: அன்று உங்களிடம் இருந்தது டார்ச் 2.0. அதைச் சும்மா பிப் போட்டால் குடா 11.7க்குக் கட்டியது வரும். அக்டோபரில் வந்த 2.1ஐச் சும்மா போட்டால் 12.1 வருகிறது. இன்று ஏதாவது மாற்றி ஓட்டினீர்களா?

கடலோரன் | இரவு 11.26

ஐயோ. ஒரு பேக்கேஜ் பழையதாக இருக்கிறதென்று பிப் வரியில் '--அப்கிரேட்' சேர்த்தேன். ரெக்வயர்மென்ட்ஸில் 'டார்ச்' என்று மட்டும்தான் இருக்கிறது, எண் எதுவும் இல்லை.

மஞ்சள்குருவி | இரவு 11.38

கிடைத்தது.

இதற்குத் தேவை குடா 11.8க்குக் கட்டிய டார்ச் 2.1. பைடார்ச் தளத்தில் சியு118 என்று தனி இண்டெக்ஸ் முகவரி இருக்கிறது, அதை பிப் வரியில் கொடுத்து நிறுவுங்கள். டிரைவர் 11.4வரைதானே சொல்கிறது, 11.8 எப்படி ஓடும் என்று கேட்பீர்கள். குடா 11 தொடங்கி ஒரே முதல் எண்ணுக்குள் சலுகை உண்டு. லினக்ஸில் டிரைவர் 450.80.02 அல்லது அதற்கு மேல் இருந்தால் 11.x எதுவும் ஓடும். 12.x குடும்பத்துக்கு 525.60.13 வேண்டும். 470 முதல் வாசலைத் தாண்டும், இரண்டாவதில் நின்றுவிடும். ஓடும்போதே பிடிஎக்ஸ் என்ற இடைநிலை வடிவத்திலிருந்து கார்டுக்கான நிரலைத் தயாரிக்கும் பேக்கேஜ்கள் இந்தச் சலுகையில் அடங்காது. உங்கள் வேலையில் அது வராது என்றுதான் நினைக்கிறேன்.

அரைவேக்காடு | இரவு 11.52

ஒரு சந்தேகம். என்விடியா-எஸ்எம்ஐ அட்டவணையில் வலது மூலையில் குடா வெர்ஷன் என்று ஒன்று இருக்குமே, அது நிறுவப்பட்ட டூல்கிட் இல்லையா? நான் இவ்வளவு நாளும் அப்படித்தான் நினைத்துக்கொண்டிருந்தேன்.

பழையசர்வர் | நவம்பர் 15, காலை 6.30

இல்லை. அதுவும் டிரைவரின் எல்லைதான், மஞ்சள்குருவி சொன்ன அதே எண். டூல்கிட் ஒன்றுகூட இல்லாத மெஷினிலும் அங்கே எண் வரும். டூல்கிட் எது என்று தெரிய, அதோடு வரும் என்விசிசி கம்பைலரிடம் வெர்ஷன் கேளுங்கள். பைடார்ச்சை வீலாக (முன்பே கட்டிய பேக்கேஜாக) நிறுவினால் அதற்கு வேண்டிய குடா ரன்டைம் கூடவே வந்துவிடும். வெளியே டூல்கிட் இருக்கிறதா இல்லையா என்று அது திரும்பிக்கூடப் பார்க்காது. நேற்று நீங்கள் சொன்ன 3 ஜிபி இறங்கியிருந்தால் இறங்கியதுதான் மிச்சம்.

கோபமில்லை. அந்த மூலை எண் ஏமாற்றாத ஆள் யாரும் கிடையாது.

தூக்கமில்லாதவன் | காலை 7.10

இழையைத் திருப்புவதாக நினைக்க வேண்டாம், எனக்கும் அதே 'மிஸ்மேட்ச்' வரி. ஆனால் என்னுடையது கன்டெய்னர் இல்லை. வாடகைக்கு எடுத்த முழு விஎம் (தனிக் கெர்னலோடு ஓடும் மெய்நிகர் கணினி), உபுண்டு லினக்ஸ், அதன்மேல் ஜூபிட்டர் நோட்புக். நான் எதையும் தொடவில்லை, சத்தியமாக. நேற்று மதியம் புது நோட்புக் திறந்தபோது ஜிபியு இல்லை என்றது. ஆனால் திங்கள் இரவு தொடங்கிய ட்ரெயினிங் இன்னொரு டெர்மினலில் இந்த நிமிடம்வரை ஜிபியுவிலேயே ஓடுகிறது! ஒரே மெஷினில் ஒருவனுக்குக் கார்டு இருக்கிறது, இன்னொருவனுக்கு இல்லை. பேய்தான் பிடித்திருக்கிறது.

பழையசர்வர் | காலை 7.25

பேய் இல்லை, அன்அட்டெண்டட்-அப்கிரேட்ஸ், உபுண்டு தானாகவே அப்டேட் போடும் வேலை. ஏபிடியின் ஹிஸ்டரி லாகைத் திறந்து நேற்றைய தேதியில் என்விடியா என்ற பெயர் இருக்கிறதா பாருங்கள்.

தூக்கமில்லாதவன் | காலை 7.41

இருக்கிறது! காலை 6.21க்கு லைப்ரரிகள் 535.104.05லிருந்து 535.129.03க்குப் போயிருக்கின்றன. ப்ராக் கோப்பில் மாட்யூல் இன்னும் 535.104.05. ஆனால் காலை 6 மணிக்கு மேல் நான் நன்றாக வேலை செய்தேனே? பதினொன்றரைவரை புது நோட்புக் திறந்துகூடப் பார்த்தேன், ஓடியது.

பழையசர்வர் | காலை 7.50

உங்கள் விஎம்மின் கடிகாரம் யுடிசியில் (நமக்கு ஐந்தரை மணி நேரம் பின்னால்) இருக்கும். அங்கே 6.21 என்றால் நமக்கு 11.51. உபுண்டுவில் அந்தத் தானியங்கி வேலை காலை 6 மணிக்கு, ஒரு மணி நேரத்துக்குள் ஏதோ ஒரு நிமிடத்தில் ஓடும்படி வைத்திருக்கிறார்கள். அமைதியான நேரம் என்று யாரோ நினைத்தது நம் ஊரில் சாப்பாட்டு நேரத்துக்குச் சற்று முன்னால் வந்து விழுகிறது.

பழைய ட்ரெயினிங் ஏன் ஓடுகிறது என்றால், அந்தப் புராசெஸ் பழைய லைப்ரரியை ஏற்கெனவே நினைவகத்துக்குள் ஏற்றிவிட்டது. டிஸ்க்கில் கோப்பு மாறியது அதைப் பாதிக்காது. ஏறியிருக்கும் மாட்யூலும் அதே பழைய வெர்ஷன், அதனால் இரண்டும் பொருந்திப்போகிறது. புதிதாக எழும் புராசெஸ் டிஸ்க்கிலிருந்து புது லைப்ரரியை எடுக்கும், மாட்யூலோடு இடிக்கும்.

ஆகவே அந்த ட்ரெயினிங்கை நிறுத்திவிடாதீர்கள். நிறுத்தினால் மாட்யூல் மாறும்வரை திரும்ப எழாது. அது முடியும்வரை விட்டுவிட்டு, முடிந்ததும் ரீபூட் செய்யுங்கள், மாட்யூலும் 535.129.03க்கு வந்துவிடும். ரீபூட் இல்லாமல் மாட்யூல்களை இறக்கி ஏற்றவும் முடியும்: முதலில் யுவிஎம், பிறகு டிஆர்எம், மோட்செட், கடைசியில் என்விடியா. ஆனால் யாராவது ஒரு புராசெஸ் கார்டைப் பிடித்திருந்தாலும் 'இன் யூஸ்' என்று மறுத்துவிடும்.

ரீபூட்டுக்கு முன் இன்னொன்று. அதே அப்கிரேட் லினக்ஸ் கெர்னலையும் மாற்றியிருந்தால், புதுக் கெர்னலுக்கான ஹெடர்ஸ் பேக்கேஜ் இருக்கிறதா பாருங்கள். டிகேஎம்எஸ் என்ற கருவி புதுக் கெர்னலுக்காக மாட்யூலைத் திரும்பக் கட்ட அது வேண்டும். கிளவுட் நிறுவனங்களுக்கென்று உபுண்டுவில் தனிக் கெர்னல்கள் உண்டு, ஹெடர்ஸும் அந்தந்தக் கெர்னலுக்கு உரியதாக இருக்க வேண்டும். பொதுவான ஹெடர்ஸை நிறுவிவிட்டு, ரீபூட் ஆனதும் 'டிரைவரோடு பேச முடியவில்லை' என்று வந்து நிற்பவர்கள் இங்கே மாதம் ஒருவராவது உண்டு.

தூக்கமில்லாதவன் | காலை 8.05

கெர்னல் மாறவில்லை, பார்த்துவிட்டேன். ட்ரெயினிங் இன்னும் 11 எபாக் (தரவு முழுக்க ஒரு சுற்று) இருக்கிறது, நாளை விடியற்காலை முடியும். அதுவரை அந்த டெர்மினல் பக்கமே போகமாட்டேன்.

பழையகார்டு | காலை 9.30

470 என்று பார்த்ததும் ஓடி வந்தேன். என்னிடம் கே80 போட்ட விஎம். விலை குறைவு என்று எடுத்தேன். மேலே பேசியதைப் பார்த்து 535 போடலாமா என்று நினைத்துக்கொண்டிருக்கிறேன்.

மஞ்சள்குருவி | காலை 9.44

போடாதீர்கள். கே80 கெப்ளர் தலைமுறை, 2014இல் வந்தது. அதற்குக் கடைசி டிரைவர் வரிசை 470தான். 535 போட்டால் டிமெஸ்ஜியில் (கெர்னலின் செய்திப் பதிவு) இந்தக் கார்டு 470 லெகஸி டிரைவரில்தான் வேலை செய்யும், இதைப் புறக்கணிக்கிறேன் என்று நாகரிகமாகச் சொல்லிவிட்டுப் படுத்துவிடும். குடா 12இல் கெப்ளரே கிடையாது. 24 ஜிபி என்று விளம்பரத்தில் பார்த்து எடுத்திருந்தால், அது ஒரே அட்டையில் இரண்டு சிப், ஆளுக்கு 12.

கடலோரனின் சேவை டி4க்கும் 470ஐயே வைத்திருப்பதற்கு இதுதான் காரணமோ என்று எனக்கு ஒரு சந்தேகம். கே80 மெஷின்களும் வைத்திருப்பார்கள், ஒரே இமேஜை எல்லாவற்றுக்கும் போட்டிருப்பார்கள். ஊகம்தான்.

பழையகார்டு | காலை 9.50

24 ஜிபி என்று பார்த்துத்தான் எடுத்தேன். சரி, விடுங்கள்.

கடலோரன் | பிற்பகல் 1.15

செஷனை அழித்துவிட்டுப் புதிதாகத் தொடங்கினேன். என்விடியா-எஸ்எம்ஐ அட்டவணை வந்துவிட்டது, டி4, 470.82.01, மூலையில் 11.4. அந்தப் பெட்டியை இவ்வளவு ஆசையாக இதுவரை பார்த்ததில்லை.

ஆனால் டார்ச் இன்னும் 2.1.0 சியு121தான். செஷனையே அழித்த பிறகும் எப்படி இருக்கிறது? தேடிப் பார்த்தால் என் ஹோம் ஃபோல்டருக்குள் '.லோக்கல்' என்று ஒன்று. பிப் அங்கே நிறுவியிருக்கிறது, ஹோம் ஃபோல்டரை இந்தச் சேவை அழிப்பதில்லை. அங்கிருந்து டார்ச்சை நீக்கிவிட்டு சியு118 இண்டெக்ஸிலிருந்து நிறுவினேன். குடா இருக்கிறதா என்று கேட்டேன், 'ட்ரூ'!

சந்தோஷம் இரண்டு நிமிடம்தான். டார்ச்சின் ஒலித் துணை லைப்ரரியான டார்ச்ஆடியோவை இம்போர்ட் செய்தால், பைடார்ச் குடா 11.8, டார்ச்ஆடியோ குடா 12.1, இரண்டும் வேறு வேறு வெர்ஷனுக்குக் கட்டப்பட்டவை என்கிறது. இதுவும் டிரைவர் பிரச்சினையா?

மஞ்சள்குருவி | பிற்பகல் 1.31

டிரைவர் பாவம், விட்டுவிடுங்கள். டார்ச்சை மட்டும் மாற்றினீர்கள், டார்ச்ஆடியோ நேற்று வந்த சியு121தான். டார்ச், டார்ச்ஆடியோ, டார்ச்விஷன் இருந்தால் அதுவும், மூன்றையும் நீக்கிவிட்டு ஒரே வரியில், ஒரே இண்டெக்ஸிலிருந்து நிறுவுங்கள். பிறகு பைதான் கெர்னலை ரீஸ்டார்ட் செய்யுங்கள். இப்போதுதான் அந்தப் பொத்தானுக்கு வேலை வருகிறது.

வெர்ஷன் எண்களை ரெக்வயர்மென்ட்ஸில் எழுதிவையுங்கள். 'டார்ச்' என்று மொட்டையாக விடாதீர்கள்.

அரைவேக்காடு | பிற்பகல் 2.05

வேறு வழி ஒன்று படித்தேன், இந்த முறை போடச் சொல்லவில்லை, கேட்கிறேன். 'குடா-காம்பாட்' என்று ஒரு பேக்கேஜ் இருக்கிறதாமே, பழைய டிரைவர்மேல் புதுக் குடாவை ஓட்டுமாம்?

பழையசர்வர் | பிற்பகல் 2.40

இருக்கிறது, நல்ல கேள்வி. கெர்னல் மாட்யூலைத் தொடாமல், புது லிப்குடாவைத் தனி ஃபோல்டரில் வைத்து எல்டி லைப்ரரி பாத் (லைப்ரரியை எங்கே தேடுவது என்று சொல்லும் அமைப்பு) வழியாக முன்னால் நிறுத்துவார்கள். அந்த லைப்ரரி பழைய மாட்யூலோடு பேசுவதற்கென்றே தயாரிக்கப்பட்டது. கடலோரன் கொண்டுவந்து போட்ட 535 அப்படிப்பட்டதில்லை. ஆனால் டேட்டா சென்டர் கார்டுகளில்தான் வேலை செய்யும். டி4 அந்த வகை. விளையாட்டுக்கு வாங்கும் ஜிஃபோர்ஸ் கார்டில் முயன்றால் 804 என்று பிழை எண் வரும். வெள்ளிக்கிழமை கெடு வைத்துக்கொண்டு இந்தத் தம்பி அந்தப் பக்கம் போக வேண்டாம். சியு118 போதும்.

கடலோரன் | இரவு 8.20

மூன்றையும் சேர்த்து நிறுவினேன். ஓடுகிறது. ஒரு ஸ்டெப்புக்கு நேற்று சிபியுவில் 40 விநாடிக்கு மேல் ஆனது, இப்போது இரண்டு விநாடிகூட இல்லை. என்விடியா-எஸ்எம்ஐயில் 11 ஜிபி நினைவகம் பிடித்திருக்கிறது, ஆனால் கீழே புராசெஸ் பட்டியல் காலியாக இருக்கிறது. பயமாக இருக்கிறது, இது சரிதானா?

பழையசர்வர் | இரவு 8.33

சரிதான். கன்டெய்னருக்குள்ளிருந்து பார்த்தால் வெளியே உள்ள புராசெஸ் எண்கள் தெரியாது, அதனால் பட்டியல் காலியாகத்தான் வரும். நினைவகக் கணக்கு உண்மை. போய்ச் சாப்பிடுங்கள்.

தூக்கமில்லாதவன் | நவம்பர் 16, காலை 5.12

4.20க்கு ட்ரெயினிங் முடிந்தது. செக்பாயின்டை வெளியே நகல் எடுத்தேன், இரண்டு முறை. ரீபூட் செய்தேன். எஸ்எஸ்ஹெச் திரும்ப வர மூன்று நிமிடம் ஆனது, அதற்குள் உயிரே போய்விட்டது. அட்டவணை வந்தது: 535.129.03, மாட்யூலும் லைப்ரரியும் ஒன்று. என்விடியா பேக்கேஜ்களுக்கெல்லாம் ஏபிடி-மார்க் ஹோல்ட் போட்டுவிட்டேன், தானாக மாறாது. இனி அதை நானே மாதம் ஒரு முறை ஞாபகமாக எடுத்து அப்டேட் செய்ய வேண்டும், பாதுகாப்பு ஓட்டைகள் இருக்குமே. காலண்டரில் குறித்திருக்கிறேன், 11.51க்கு.